அக்கரை சேர்ந்த பின்

பகைவர் வசப்பட்ட நாட்டிலிருந்து யூதர்கள் தப்பிச் செல்வதைக் காட்டும் போர்க்காலப் படங்கள் பல உண்டு. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த டேனிஷ் படம் ஒன்றில், இசைக்கலைஞர் ஒருவர் மனைவியுடனும் மகனுடனும் மீனவர் கிராமத்தை நோக்கி ஓடுகிறார். 1943 அக்டோபரில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் டென்மார்க்கிலிருந்து படகேறிச் சுவீடனை அடைந்த வரலாறே அதன் அடிப்படை.

இத்தகைய படங்கள் பெரும்பாலும் படகு கரை சேர்வதோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் தப்புதல் என்பதற்கு இரு பாதிகள் உள்ளன. வெளியேறுவது ஒன்று, உள்ளே அனுமதிக்கப்படுவது மற்றொன்று. டென்மார்க் யூதர்களை ஏற்றுக்கொள்வதாகச் சுவீடன் தன் வானொலியிலேயே அறிவித்தது. அந்த வாக்கு இல்லையேல் படகுகள் எங்கே செல்லும்? 1938 ஜூலையில் எவியன் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றி ஆலோசித்தபோது, பெரும்பாலானவை இரக்கம் தெரிவித்தனவேயன்றிக் கதவைத் திறக்கவில்லை.

இந்த இரண்டாம் பாதியைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பம்பாய் நகரின் வரலாறே போதும். அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வர விரும்பிய அகதி, தமக்கு இங்கே வேலை உண்டு என்றோ, தம்மைப் பராமரிக்கப் பொறுப்பாளர் உளர் என்றோ காட்ட வேண்டியிருந்தது. பம்பாயில் 1934இல் தோன்றிய யூத நிவாரணச் சங்கம் பலருக்காக அப்பொறுப்பை ஏற்றது. தொழில்திறன் வாய்ந்த அகதிகளை வரவேற்க வேண்டும் என்று ஜவஹர்லால் நேரு வாதாடினார்.

வில்லி ஹாஸ் என்ற எழுத்தாளரின் கதையைக் கேளுங்கள். பிராக் நகரில் பிறந்து, பெர்லினில் புகழ்பெற்ற இலக்கிய வார இதழை நடத்தியவர், திரைக்கதை வல்லுநர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிராக் திரும்பினார். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை அங்கும் புகுந்தது. அவருடைய நண்பர் வால்டர் காஃப்மன் 1934 முதலே பம்பாயில் இருந்தார். அவருடைய உதவியால், படத் தயாரிப்பாளர் மோகன் பவ்னானியிடம் திரைக்கதை எழுதும் பணி ஹாஸுக்குக் கிடைத்தது. இப்சனின் ‘பேய்கள்’ நாடகம் அவர் கைவண்ணத்தில் இந்தித் திரைக்கு ஏற்ற கதையாயிற்று.

அதே பம்பாயில், மலாடில் இருந்த பாம்பே டாக்கீஸில், ‘அச்சுத் கன்யா’ முதலிய படங்களை இயக்கிய ஃபிரான்ஸ் ஆஸ்டன் நாஜிக் கட்சியின் உறுப்பினர். 1939இல் போர் மூண்டதும் அவர் கைது செய்யப்பட்டார். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு நாஜியும் நாஜிக்கு அஞ்சி ஓடிவந்தவரும் முதலில் ஒன்றாகவே தோன்றினர். ஜெர்மன், ஆஸ்திரியக் குடிமக்கள் என்ற காரணத்தால் யூத அகதிகள் பலரும் ‘பகைநாட்டார்’ எனப் பிடிக்கப்பட்டு, விசாரணைக்குப் பின்னரே விடுவிக்கப்பட்டனர். அக்கரை சேர்ந்த பின்னும் அச்சம் உடனே தீர்ந்துவிடவில்லை.

ஹாஸ் புறப்படுமுன் மிலேனா யெசென்ஸ்கா என்ற பெண்மணி, எழுத்தாளர் காஃப்கா தமக்கு எழுதிய கடிதங்களை அவரிடம் ஒப்படைத்தார். அவற்றைப் பிராகிலேயே பத்திரப்படுத்திவிட்டு ஹாஸ் இந்தியா வந்தார். யூதர்களுக்கு உதவிய மிலேனாவோ சிறைப்பட்டு, 1944இல் ராவென்ஸ்புருக் முகாமில் இறந்தார். போருக்குப் பின் ஐரோப்பா திரும்பிய ஹாஸ், 1952இல் அக்கடிதங்களை நூலாக்கினார். அழைப்பு ஒன்று ஒருவரைக் காத்தது. அவர் வழியே ஓர் இலக்கியச் செல்வமும் உலகுக்குக் கிட்டியது.

காஃப்மன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேனாட்டு இசைப் பிரிவைக் கவனித்தவர். விடியற்காலையில் தம்புராவின் சுருதியோடு எழும் அகில இந்திய வானொலியின் முகப்பிசை அவர் அமைத்ததே. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இல்லங்கள் கேட்டு விழித்த இசை, நாடிழந்த ஒருவர் தந்த கொடை.

பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்த தமிழர்க்கு உயிரச்சம் இருந்ததில்லை. எனினும் இறங்கும் ஊரில் தெரிந்தவர் ஒருவர் இருப்பதன் அருமை அவர்களுக்கும் தெரியும். ஆகவே இத்தகைய படத்தைக் காணும்போது படகோட்டியின் வீரத்தை மட்டும் எண்ணாதீர்கள்; அக்கரையில் பொறுப்புச் சீட்டில் கையொப்பமிட்டவரையும் நினைவுகூருங்கள்.