கத்தி எந்தப் பக்கம்?

மாட்டுக்கு இடது, குதிரைக்கு வலது: கால்நடை மருத்துவத்தில் உயிர் பிழைப்பது உறுப்பின் விலாசம் தெரிவதில்

பனி ஈரம் காயாத பெர்சீம் தீவனத்தை வயிறு முட்டத் தின்ற பசு. இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளம் மேடாகிப் பறைபோல் விறைத்து நிற்கிறது. மூச்சுத் திணறல். ஹரியானா, பஞ்சாப் கிராமங்களில் கால்நடை டாக்டர்களுக்குப் பழகிப்போன காட்சி. வாய் வழியே குழாய் விட நேரமில்லை என்றால் ட்ரோகார் என்ற குத்தூசிதான் கதி. குத்த வேண்டிய இடம் அந்த இடது மேடு. நான்கு அறை இரைப்பையின் மிகப் பெரிய அறை வயிற்றின் இடது பாதியை ஏறத்தாழ முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கிறது. (நுரை கட்டிய உப்புசம் என்றால் குத்தியும் காற்று வராது, எண்ணெய் கொடுத்தாக வேண்டும்.)

குதிரைக்கு வயிறு உப்பினால் இந்தக் கணக்கு உதவாது. அதன் இரைப்பை சிறியது, விலாக்கூட்டுக்குள் ஒளிந்திருப்பது. காற்று அடைத்து வீங்குவது பெரும்பாலும் சீகம் என்ற பெருங்குடல் பை. அது வலது பக்கம். போதாக்குறைக்கு, குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பை நிரம்பினால் மூக்கு வழியே குழாய் விட்டுக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது கிழிந்தே போகலாம்.

ஐந்தரை ஆண்டுப் படிப்பின் முதல் ஆண்டிலேயே மாணவர்கள் இந்த வித்தியாசங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். இத்தனைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவில் கால்நடை மருத்துவக் கல்வி வேர்விட முக்கியக் காரணம் ராணுவக் குதிரைகள். லாகூர் கல்லூரி தொடங்கியது 1882-ல். பின்னாளில் மாணவர்களின் வேதமாகிவிட்ட சிஸனின் உடற்கூறு நூலிலும் குதிரைதான் அளவுகோல். மற்ற பிராணிகள் அதற்கு அப்புறம்தான். ஊரெல்லாம் மாடும் எருமையும், புத்தகத்தில் குதிரை! எருதை மையமாக வைத்து, எருமையையும் ஒப்பிட்ட ராகவனின் நூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1964-ல் வெளியிட்டது.

எருமை கறுப்பு நிறப் பசு அல்ல என்பதை டாக்டர்கள் அனுபவத்தில் கற்கிறார்கள். எருமைக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் ஓர் இடத்தில் பலவீனமானது. தீவனத்தோடு விழுங்கிய கம்பியோ ஆணியோ அதைத் துளைத்தாலும், சினைக் காலத்தில் வயிற்றின் அழுத்தம் கூடினாலும், இரைப்பையின் இரண்டாவது அறை நெஞ்சுக்குள் நழுவிவிடும். பசுக்களில் இது அபூர்வம். எருமையில் அப்படி அல்ல. அடிக்கடி உப்புசம் வந்து மெலியும் எருமைக்கு வெறும் ஜீரண மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால், அறுவை சிகிச்சைக்கான நாட்கள் கைநழுவும்.

யானை தனி ரகம். ரத்தம் எடுக்கக் காதின் பின்புற ரத்தக்குழாய். நுரையீரலைச் சுற்றி மற்ற பிராணிகளுக்கு இருக்கும் இடைவெளி அதற்குக் கிடையாது. நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கும். மூச்சு, நெஞ்சுத் தசைகளும் உதரவிதானமும் சேர்ந்து செய்யும் வேலை. மயக்க ஊசி போட்ட காட்டு யானை நெஞ்சு தரையில் அழுந்தும்படி சரிந்துவிட்டால், டாக்டர்களின் முதல் வேலை கயிறு கட்டி அதை ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான்.