சீனித்துளசி: பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றதும் சீனி டப்பா போய்க் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் வந்துவிடும். இதனால் ரத்தச் சர்க்கரை குறையாது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். இந்தத் தவறான நம்பிக்கை பலரின் உடம்பைக் கெடுக்கிறது.

சர்க்கரையே இல்லாமல் இனிக்கும் செடி ஒன்று உண்டு. நாம் சீனித்துளசி என்கிற ஸ்டீவியா. பூர்விகம் தென் அமெரிக்காவின் பராகுவே. அங்குள்ள குவாரனி மக்கள் கசப்பான மாத்தே பானத்தில் காலங்காலமாக இந்த இலையைச் சேர்த்துவந்தார்கள். ஜப்பான் 1970-களிலேயே இதன் சாற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2015-ல்.

இலையிலுள்ள ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானவை. சிறுகுடல் இவற்றை உடைப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகு, கல்லீரல் வழியாகப் போய்ச் சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 4 மில்லிகிராம் (ஸ்டீவியால் கணக்கில்) வரை பாதுகாப்பானது என்று சர்வதேச நிபுணர் குழு வரையறுத்திருக்கிறது. காபி, டீயில் கலக்கும் அளவு இந்த வரம்பை எட்டாது. சிறிதளவே போதும் என்பதால், அதே இனிப்புக்குக் கரும்பைவிடக் குறைந்த நிலமும் நீரும் போதுமானவை.

சிக்கல் பாக்கெட்டில்தான் இருக்கிறது. இனிப்பு இவ்வளவு கடுமையாக இருப்பதால் ஸ்பூனால் அள்ளிப் போட ஏதுவாக நிரப்புப் பொருள் சேர்ப்பார்கள். அது எரித்ரிட்டாலாக இருந்தால் ரத்தச் சர்க்கரை ஏறாது. மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ என்றால் ஏறும். முன்பக்கம் பச்சை இலைப் படம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

சமையலில் இதற்கு எல்லை உண்டு. பாயசம், காபிக்குச் சரி. கம்பிப் பதம் வராது என்பதால் அதிரசம், மைசூர்பாகுக்கு ஆகாது. சிலருக்கு நாக்கில் லேசான கசப்பும் நிற்கும்.

எடை குறைப்பதற்காக மட்டும் இதை நம்ப வேண்டாம். சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகள் நீண்ட காலத்தில் எடையைக் குறைக்க உதவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

கடையில் ஸ்டீவியா பாக்கெட்டை எடுத்தால், பின்பக்கத்தில் முதலில் எழுதியிருக்கும் பொருள் எது என்று பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்றிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.