வைப்பாறு வழியே நடப்பவர்களுக்கு

ஆடி கடைசி வெள்ளி நெருங்கினால் சாத்தூரைச் சுற்றியுள்ள சாலைகளெல்லாம் இருக்கன்குடியை நோக்கித் திரும்பிவிடும். சிவகாசி, கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர் என எல்லாத் திசையிலிருந்தும் மஞ்சள் உடுத்தி, வேப்பிலை கட்டி, அக்கினிச் சட்டி நேர்ந்துகொண்டு நடந்து வருகிறார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் இருக்கிறாள். இப்போது அவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. வெம்பக்கோட்டை அகழாய்வு மேட்டையும் செண்பகத்தோப்புக் காட்டையும் பார்க்க, முதுகில் பையோடு ஆற்றோரமாக நடக்கும் இளைஞர்கள். நேர்த்திக்கடனுக்கு நடந்தாலும் ஊர் பார்க்க நடந்தாலும் மலையடிவாரம் முதல் இருக்கன்குடி வரை காலடியில் இருக்கும் நிலம் ஒரே மாதிரி இல்லை. சாலை, பட்டா நிலம், புறம்போக்கு, பட்டாசு ஆலை, தொல்லியல் மேடு, புலிகள் காப்பகம் என்று மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி ஆபத்து, தனிப் பரிகாரம்.

முதலில் சாலை. பாதயாத்திரை போகிறவர்கள் உயிரிழப்பது பெரும்பாலும் விடிவதற்கு முந்தைய இருட்டில், பின்னால் வரும் வண்டியால். எதிரே வரும் வண்டியைக் கண்ணால் பார்க்கும்படி வலது ஓரமாக நடப்பதும், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வதும் செலவில்லாத காப்பு. அடிபட்டால் 108. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை பணம் கட்ட வேண்டியதில்லை. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் இழப்பீடே கிடையாது என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகின்றன. அப்படி இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தின்படி, வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் விசாரித்து அனுப்ப, ஆட்சியர் ஆணையிடுவார். வண்டி எண் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். அங்கே 6 மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுவது நல்லது.

சாலையை விட்டு இறங்கினால் வண்டிப்பாதை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கண் முன்னால் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருப்பது அதுதான். கரிசல் காட்டு ஊர்களுக்கிடையே மாட்டு வண்டி போன தடங்கள் ஓடைக்கரையோரமாகவும் கண்மாய்க் கரை மீதும் ஓடுகின்றன. நேற்று வரை போன வழியில் இன்று கம்பிவேலி நிற்கும். 'இது பட்டா இடம், சுத்திப் போங்க' என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அரசின் இணையச் சேவையில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்தால் புலப்படமும் 'அ' பதிவேட்டு விவரமும் கிடைக்கும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே 'வண்டிப்பாதை' அல்லது 'ஓடைப் புறம்போக்கு' என்று இருந்தால் அது யாருடைய வீட்டுச் சொத்தும் அல்ல. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வேலியை அகற்றுவது வருவாய்த் துறையின் கடமை. பட்டா நிலத்திலேயே ஓடும் பாதையாக இருந்தாலும், வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையோடும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தி வந்தவருக்கு வழி உரிமை உண்டு என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். இது அந்த வழியை நம்பி வாழும் ஊராருக்கான உரிமை. ஒரு நாள் நடக்க வந்தவர் அதைக் காட்டி வேலி தாண்டக் கூடாது.

வேலியை நாமே பிடுங்குவதும் வாய்ச்சண்டை போடுவதும் வழக்கில்தான் முடியும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுப் பாதையையோ ஆற்றையோ ஒருவர் மறித்தால், கோட்டாட்சியர் நிலையிலுள்ள நிர்வாக நடுவர் நேரடியாகத் தடையை நீக்க உத்தரவிட முடியும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று வக்கீல்களுக்குப் பழக்கமானது. மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆற்றுக்குள் இறங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வைப்பாறு வருடத்தின் பெரும்பகுதி சீமைக்கருவேல முள்ளும் வெறும் மணலுமாகத்தான் கிடக்கும். அந்தக் காய்ந்த தோற்றம்தான் ஆளை ஏமாற்றுகிறது. மழை பெய்வது மேற்கே மலையில். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வந்து சேரும். இருக்கன்குடி நீர்த்தேக்கமும் அருகில் இருப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் நீர் திறப்பு அறிவிப்பைக் கேட்காமல் ஆற்றுக்குள் பொங்கல் வைப்பதோ இரவில் படுத்துறங்குவதோ கூடாது. மணல் அள்ளிய குழிகள் நீர் நிறைந்ததும் ஆழம் தெரியாமல் மூடிக்கொள்ளும். தெரியாத இடத்தில் குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். மணல் திருட்டைப் பார்த்தால் வண்டியை மறிக்க வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு காவல் துறைக்கும் கனிமவளத் துறைக்கும் சொல்லுங்கள்.

மேற்கே சாத்தூரைத் தாண்டி வெம்பக்கோட்டைப் பக்கம் நடந்தால் பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிப் பட்டாசு ஆலைகளின் சிறு அறைகள் தெரியும். ஒவ்வோர் அறைக்கும் நாலு பக்கமும் வாசல் இருக்கும். வெடித்தால் தப்பி ஓடவும், பக்கத்து அறைக்குத் தீ பரவாமல் இருக்கவும் அப்படிக் கட்டுகிறார்கள். குறுக்கு வழி என்று அந்த வளாகத்துக்குள் கால் வைக்காதீர்கள். பீடி, தீப்பெட்டி, கற்பூரம், கையில் எரியும் அக்கினிச் சட்டி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பட்டாசுக்குள் போடும் மணி மருந்து உராய்ந்தாலே பற்றும். ஓடையோரம் கொட்டிக் கிடக்கும் கழிவு வெடியைக் கையிலெடுக்கவும் வேண்டாம், காலால் எத்தவும் வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

புகை கிளம்பினால் நம் ஊர்க்காரர்களின் கால் தானாக அந்தப் பக்கம் ஓடும். உதவுகிற மனசு அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள், அடுத்த பெரிய வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். அதனால் எதிர்த்திசையில் விலகி, 101-க்கோ 112-க்கோ அழைத்து இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

வழிப்போக்கருக்குக் காயம் பட்டால்? தொழிலாளி அல்லாத பொதுமக்களுக்காகவே 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து நடந்த மாவட்டத்தின் ஆட்சியரிடம் 5 ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் போதும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தையும் அணுகலாம். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தை அந்தத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. பத்திரிகையில் வரும் நிவாரண அறிவிப்போடு உரிமை முடிந்துவிடுவதில்லை என்பதை இந்தப் பகுதி மக்கள் இன்னும் போதிய அளவு அறியவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றின் கரையிலிருக்கும் மேட்டை மாநிலத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழத் தொடங்கியது. சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், காளை பொறித்த சூதுபவள மணி என்று பல பொருள்கள் கிடைத்தன. உழுத காட்டில் மழை பெய்து ஓய்ந்த பின் நடந்தால் கறுப்பும் சிவப்புமான ஓடு, உடைந்த வளையல் துண்டு கண்ணில் படும். எடுத்துப் பையில் போடத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். அந்தத் துண்டு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. படம் பிடித்து இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ தெரிவியுங்கள்.

மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. இந்த மிரட்டலைத்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சட்டத்தின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை: பொருளுக்கு உரிமையாளர் இல்லை என்று முடிவானால், ஒழுங்காகத் தகவல் சொன்னவருக்கு முக்கால் பங்கும் நில உரிமையாளருக்குக் கால் பங்கும் உண்டு. அரசு அதை எடுத்துக்கொண்டால் பொருளின் மூலப்பொருள் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். நேர்மையாகச் சொன்னவர் எதையும் இழப்பதில்லை.

கடைசியாக மலை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நியாயமான வழி, தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு'. அறிவிக்கப்பட்ட 40 தடங்களில் செண்பகத்தோப்பு – புதுப்பட்டியும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். சதுரகிரிக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏறுகிறவர்கள், மழை பெய்தால் அனுமதி ரத்தாகும் என்பதை வனக்காவலரின் பிடிவாதமாக எண்ணக் கூடாது. 2015 மே மாதம் அங்கே திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்று உயிர் பறித்தது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைக் கொன்ற பிறகுதான் மாநிலத்தில் மலையேற்ற விதிகளே இறுகின. பணம் வாங்கிக்கொண்டு 'அனுமதியெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்' என்று கூட்டிப்போகும் தனியார் குழுவிடம், வனத்துறை கொடுத்த ரசீதில் உங்கள் பெயரும் தடத்தின் பெயரும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் புறப்படாதீர்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

காட்டிலோ கரிசலிலோ பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி, மந்திரிக்கிற இடத்துக்குப் போகாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நச்சு முறிவு மருந்து அங்கே இலவசம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருக்கிறது. அதனால் தனியார் மருத்துவமனையும் அதைப் பதிவு செய்து அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.