லிஃப்ட் கதவு உருவாகும் விதம்

லிஃப்ட் வந்து நின்றதும் இரண்டு கதவுகள் சேர்ந்து திறக்கின்றன. ஒன்று கூண்டுக் கதவு, மற்றது மாடிக் கதவு. மோட்டார் இருப்பதோ பெரும்பாலும் கூண்டுக் கதவில் மட்டும்தான். அதிலுள்ள இணைப்புத் தகடு மாடிக் கதவையும் கூடவே இழுத்துச் செல்கிறது.

தொழிற்சாலையில், ஒன்றரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள எஃகுத் தகட்டை லேசரால் வெட்டி, விளிம்புகளை இயந்திரத்தில் மடிக்கிறார்கள். அந்த மடிப்பும், பின்புறம் பொருத்தும் பட்டைகளும்தான் மெல்லிய தகட்டுக்கு உறுதி தருகின்றன. கூண்டின் சுவர்களும் இப்படியே உருவாகின்றன. அவை அதிர்ந்து ஒலிக்காமலிருக்கப் பின்பக்கம் ஒரு பூச்சு பூசுவதுண்டு.

கதவின் எடை முழுவதும் மேலேயுள்ள உருளைகளில் தொங்குகிறது. கீழ்ப்பள்ளம் கதவு ஆடாமல் நேராக ஓடுவதற்கு மட்டுமே. அதில் சிறு கல் சிக்கினாலும் கதவு மூடாமல் போகலாம். கதவு மூடிப் பூட்டிக்கொள்ளாத வரை லிஃப்ட் கிளம்பாது. அதனால் அந்தப் பள்ளத்தை அடிக்கடி துடைத்து வையுங்கள்.