கண்காட்சிப் பாம்பும் கதகதப்பும்

நாயையும் பூனையையும் போலப் பாம்பையும் இல்லத்திலே வளர்ப்போர் மேனாடுகளிற் பலர் உளர். அன்னோர் தாம் வளர்த்தவற்றைக் காட்டவும் விற்கவும் கூடும் ஊர்வனக் கண்காட்சிகளுள், ஜேர்மனியின் ஹம் நகரிலே நடைபெறுவது மிகப் பெரியனவற்றுள் ஒன்றாகும். ஆண்டிற் பலமுறை கூடும் அது, நீர் உறையுங் குளிர்காலமாகிய டிசெம்பரிலும் கூடுவதுண்டு. ஆயின், ஆங்கு மேசைமேல் வைக்கப்படும் பாம்புகளுட் பல வெப்பநாடுகளுக்கு உரியவை. அஞ்சியவிடத்துத் தலையை நடுவே மறைத்துப் பந்துபோலச் சுருளும் பந்து மலைப்பாம்பு மேற்காபிரிக்காவைத் தாயகமாக உடையது.

முலையூட்டிகள் உண்ட உணவின் பெரும்பகுதியை எரித்து உடல்வெப்பத்தைக் காக்கின்றன. பாம்போ வெப்பத்தைச் சூழலிலிருந்து கடனாகப் பெறுகின்றது. அதனாலேயே ஓர் இரையுடன் பலநாள் வாழ அதனால் இயலும். அடைகாக்கும் மலைப்பாம்பு மாத்திரம் இதற்குப் புறனடை. அதன் உடல் சூழலினும் வெப்பமிக்கதாயிருத்தலை 1841ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் வலன்சியென் என்னும் அறிஞர் அளந்து கண்டார். ஏனைய வேளைகளில் சமிபாடு, இயக்கம், நோயெதிர்ப்பு யாவும் புறவெப்பத்தையே சார்ந்தவை. ஆதலின் பந்து மலைப்பாம்பின் கூட்டில் ஒருபுறம் 31 அல்லது 32 பாகை சென்ரிகிரேட்டும், மறுபுறம் ஏறத்தாழ 25 பாகையும் இருக்குமாறு செய்வர். வேண்டியபோது வெப்பத்தை நாடவும் வேண்டாதபோது விலகவும் இயலுவதே பாம்புக்குச் சுகம்.

கண்காட்சிக்குச் செல்லும் பாம்பு இழப்பது இவ்வுரிமையையே. எனவே அதற்குரிய பொறுப்பு வளர்ப்பவனைச் சார்கின்றது. பயணத்துக்கு முந்திய சில நாள்கள் இரை கொடுத்தலாகாது. குளிரிற் சமிபாடு தடைப்படின் பாம்பு இரையைக் கக்கிவிடும். பாம்பைப் பருத்திப் பையிலோ துளையிட்ட சிறு பெட்டியிலோ இட்டு, அதனை வெப்பங் கடத்தாத நுரைப்பெட்டியினுள் வைத்தல் நன்று. குட்டிகள் பருமனுக்கு மிஞ்சிய மேற்பரப்பு உடையன. ஆகவே விரைவிற் குளிர்ந்துவிடும். இரும்புத்தூள் ஒட்சிசனுடன் சேர்வதால் வெப்பந்தரும் பொதிகளைப் பலர் பயன்படுத்துவர். அப்பொதி பாம்பின் உடலைத் தொடுதலாகாது. அதற்கும் பாம்புக்கும் காற்று வேண்டுமாதலின் பெட்டியை முற்றாக அடைத்தலும் ஆகாது.

மண்டபத்தில் வாயிலருகே வீசும் குளிர்காற்றும், மேலிருந்து சுடும் விளக்கொளியும் ஒருங்கே தீங்கானவை. பெட்டியின் ஒரு பகுதியின் கீழ் மாத்திரம் வெப்பவிரிப்பை இட்டு, வெப்பநிலையை வரையறுக்குங் கருவியை அதனுடன் இணைத்தல் வேண்டும். கையால் தொட்டு மதிப்பிடுதல் போதாது, வெப்பமானியே சான்று. 40 பாகையை அணுகும் வெப்பம் குளிரினும் விரைவாக உயிரைக் குடிக்கும். ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடமும், பலர் கைபடாத ஓய்வும் அவசியம்.

பாம்பு தன் துயரைக் குரலெழுப்பிக் கூறுவதில்லை. குளிர்ந்த பாம்பு அசையாது, சீறாது, கையில் அடங்கிக் கிடக்கும். அதனைச் சாதுவென மெச்சி விலைகொடுப்போரும் உளர். அவர் மெச்சிய அடக்கம் குணமன்று, குளிரால் விளைந்த சோர்வே. வாய்பேசா உயிரைக் காட்சிக்கு வைப்பவன் முதலில் நோக்கவேண்டியது காண்போர் முகத்தையன்று, வெப்பமானியையே.