அடியார்க்குநல்லார் கூறும் மரக்குழல்: அமைப்பும் சுருதியும்

காரைக்குடி என்றவுடன் இசையுலகினர் நினைவுக்கு வருவது வீணையே. காரைக்குடி உடன்பிறந்தார் எனப் பெயர் பெற்ற சுப்பராம ஐயரும் (1883-1936) சாம்பசிவ ஐயரும் (1888-1958) அக்கருவியினால் செட்டிநாட்டின் பெயரை இசை வரலாற்றில் நிலைநாட்டினர். கானாடுகாத்தானிற் பிறந்த அரசர் அண்ணாமலைச் செட்டியார் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தையும் (1929), தமிழிசைச் சங்கத்தையும் (1943) நிறுவித் தமிழிசை ஆராய்ச்சிக்கு இடமும் பொருளும் அளித்தார். அவ்வாராய்ச்சி பெரும்பாலும் யாழையும் பண்ணையும் பற்றியே நிகழ்ந்தது. குழலைப் பற்றிய ஆய்வு அத்துணை விரிந்திலது. அக்குறையில் ஒரு சிறு பகுதியை நிரப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வீணைக்கும் குழலுக்கும் உள்ள வேற்றுமை ஒன்றை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். வீணையின் மெட்டுகள் மெழுகின்மேற் பதிக்கப்படுவன. சுருதி பிழைத்த மெட்டை மெழுகை இளக்கி நகர்த்திக் கொள்ளலாம். குழலின் துளையோ ஒருமுறை இட்டது இட்டதே. அகலப்படுத்தலாம், ஓரளவு மெழுகிட்டுக் குறுக்கலாம், இடம் பெயர்த்தல் இயலாது. ஆதலின் குழல் செய்வோனுக்குத் துளையிடுமுன்னரே ஓர் அளவு தேவையாகின்றது. அவ்வளவைத் தமிழில் விரிவாக எடுத்துரைப்பது சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரைப்பகுதியாகும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் அவ்வுரையை நூலோடு பதிப்பித்த நாள்முதல் இப்பகுதி அறிஞர் கண்ணிற் பட்டே வந்துளது. எனினும் அங்குக் கூறப்பட்ட எண்களைக் கூட்டியும் கழித்தும் பார்த்தோர் மிகச் சிலரே.

1. மரத்தின் தேர்வு

சங்க நூல்களிற் குழல் என்பது ஆயர் கைக்கருவி. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன், தீக்கடைகோலால் உண்டாக்கிய கொள்ளியைக் கொண்டு துளை சுட்டுக் குழல் செய்துகொள்கின்றான். அதிற் பாலைப்பண் இசைக்கின்றான். அது சலித்தபொழுது குமிழங்கொம்பில் மரல்நார் கட்டி வில்யாழ் செய்கின்றான். சேக்கிழார் காட்டும் ஆனாய நாயனாரும் மூங்கிலை நூல்முறைப்படி அரிந்து, துளையிட்டு ஊதுபவரே. இவை யாவும் மூங்கிற்குழல்கள்.

அரங்கேற்று காதையின் குழலோ ஆடலரங்கிற்கு உரியது. யாழொடும் தண்ணுமையொடும் மிடற்றொடும் ஒத்து நிற்கவேண்டுவது. இக்குழலுக்கு மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள்களை அடியார்க்குநல்லார் கூறுகின்றார். மூங்கில் தலையாயது, வெண்கலம் இடையாயது, ஏனைய கடையாயின என்று முறைவைத்த பின்னர், மூங்கில் பொழுதுக்கேற்ப மாறும் இயல்பினது என்றும், வெண்கலம் வலிது என்றும், மரமே எக்காலத்தும் ஒத்து நிற்பது என்றும் காரணம் காட்டுகின்றார். தம் காலத்தில் மரமே கொள்ளப்பட்டதென்றும், அவற்றுள்ளும் கருங்காலியே பெருவழக்கென்றும் முடிக்கின்றார்.

தலையாயது எனப்பட்ட மூங்கிலை விடுத்துக் கடையாயது எனப்பட்ட மரத்தை வழக்கு ஏற்றது முரண்போலத் தோன்றும். அது முரணன்று. முற்கூறியது நூல்வழி வந்த முறைவைப்பு. பிற்கூறியது உரையாசிரியர் கண்ட தொழில்வழக்கு. இரண்டையும் மறையாது ஒருங்கே பதிந்து வைத்தமையே அவ்வுரையின் நேர்மைக்குச் சான்றாகும்.

இவ்வழக்குக்கு அவர் கூறும் காரணத்தை இயற்பியல் கொண்டும் ஆராயலாம். குழலில் ஒலிப்பது உள்ளிருக்கும் காற்றுத்தூண். காற்று வெப்பமுற்றால் ஒலியின் விரைவு மிகும், சுருதி உயரும். வெப்பம் ஒரு செல்சியசுப் பாகை மிகுந்தால், ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கிய சென்ட் என்னும் அளவில் ஏறக்குறைய 3 சென்ட் சுருதி ஏறும். இம்மாற்றம் மூங்கிலுக்கும் மரத்துக்கும் பொதுவாகலின், மரம் இதனைத் தடுக்கும் என்றல் பொருந்தாது. மரம் தடுப்பது வேறொன்று. நன்கு ஆறிய வயிரமரம் ஈரத்தை மெல்ல ஏற்று மெல்ல விடும். அதனால் உட்குடைவு எளிதிற் கோணாது. மூங்கிலோ வறண்ட காற்றில் நெடுக வெடிக்கும் இயல்பினது. பொழுதுக்கேற்ப மாறும் என்ற குறிப்பை இவ்வாறு கொள்வதே பொருத்தம்.

மரத்தின் சாதியால் ஒலியின் இனிமை வேறுபடும் என்னும் நம்பிக்கை எந்நாட்டும் உண்டு. அமெரிக்க அறிஞர் சான் கோல்ட்மன் 1971இல் ஒரே உள்ளளவுடைய குழல்களை வெவ்வேறு பொருளால் அமைத்து, ஊதுவோரும் கேட்போரும் அவற்றை ஒலியால் வேறுபடுத்த இயலாமையைக் காட்டினார். அடியார்க்குநல்லாரும் மரத்தை இனிமைபற்றிப் புகழ்ந்திலர். நிலைபேறு பற்றியே புகழ்ந்தார். இந்நுட்பம் போற்றத்தக்கது.

2. பதப்படுத்தல்

காற்றால் அலைப்புண்ணாத சமநிலத்தில் வளர்ந்து, இளமையும் பெருமுதுமையும் இன்றி நடுப்பருவத்ததாய் நின்ற மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, முறுக்கும் பிளவும் வெடிப்பும் இன்மை அறிந்து, ஓர் யாண்டு கழிந்தபின் குழல் கடைதல் வேண்டும் என்பது உரையின் விதி. ஓயாது காற்றில் வளையும் மரத்தின் நார் நேர்மை இழக்கும். அத்தகைய மரம் உலரும்போது திருகும். வெயிலில் உலர்த்தினால் புறம் முந்திச் சுருங்கி அகம் பிந்துமாகலின் வெடிப்பு உண்டாகும். நிழலில் ஆற்றுதல் இதனைத் தவிர்க்கும்.

இவ்விதி ஏட்டளவில் நின்றதன்று. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் கைவினைஞர், பழைய வீடுகளில் நெடுங்காலம் இருந்து ஆறிய ஆச்சாமரத்தைத் தேடிப்பெறுவது இன்றும் உள்ள வழக்கம். அந்நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் யாண்டு எனப்பட்ட எல்லை அங்குப் பல்லாண்டாக நீண்டதேயன்றிக் கருத்து ஒன்றே. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கின் தூண்களையும் கதவுகளையும் கண்டோர்க்கு, நன்கு ஆறிய மரம் தலைமுறை பல கடந்தும் கோணாது நிற்குமாற்றை எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

3. நீளமும் துளையும்

குழலின் நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். உட்குடைவு கடைந்தபின் எஞ்சும் மரத்தின் கனம் நெல்லரிசியிற் பாதி. இடமுகம் வெண்கல அணைசால் அடைக்கப்படும், வலமுகம் திறந்திருக்கும். இடமுகத்தினின்று 2 விரல் நீக்கி ஊதுதுளையாகிய முதல்வாய்; அதனின்று 7 விரல் நீக்கி, வலமுகத்திலும் 2 விரல் விட்டு, இடைநின்ற 9 விரலில் எட்டுத் துளை. இவ்வெட்டனுள் வலமுகத்தை அடுத்தது முத்திரை எனப்பட்டு மூடப்படாது நிற்கும். ஏனைய ஏழையும் இடக்கையின் மூன்று விரலும் வலக்கையின் நான்கு விரலும் ஆளும். துளைகளின் இடைப்பரப்பு ஒரு விரல்.

முதல்வாயின் அகலத்தைத் தனியே எண்ணாது, 2, 7, 9, 2 எனக் கூட்ட 20 ஆகின்றது, நீளக்கணக்கு நேர்பட்டது. இனி, 9 விரலில் எட்டுத் துளை அமையுமாறு யாங்ஙனம்? இடைப்பரப்பு என்பதைத் துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை எனக் கொண்டால், எட்டுத் துளைக்கு ஏழு இடைவெளி. ஏழு விரலே செல்லும். எஞ்சிய இரண்டு விரலில் இரு கோடித்துளைகளின் பாதிகளே அடங்கவேண்டும்; அங்ஙனமாயின் துளை ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலமுடையதாதல் வேண்டும். சுற்றளவு நாலரை விரலாயின் குழலின் குறுக்களவு ஒன்றரை விரலுக்கும் குறைவு. குழலினும் அகன்ற துளை என்பது நகைப்புக்கிடமாம். ஆதலின் அப்பொருள் பொருந்தாது.

இடைப்பரப்பு என்பதைத் துளையின் விளிம்பிலிருந்து அடுத்த துளையின் விளிம்புவரை எஞ்சும் மரப்பரப்பு எனக் கொள்க. ஏழு இடைவெளிக்கு 7 விரல் போக, மீதி 2 விரல் எட்டுத் துளைக்கும் பங்காகும். துளை ஒன்றுக்குக் கால்விரல் அகலம். கணக்கு எச்சமின்றி நேர்பட்டது. பரப்பு என்னும் சொல் புள்ளிகளின் தொலைவைக் குறியாது வெளியின் அகலத்தையே குறித்தலும் இப்பொருளுக்கு அரண் செய்யும். உரையில் வெளிப்படக் கூறப்படாத துளையளவு இவ்வாற்றால் உய்த்துணரப்படுகின்றது.

4. இவ்வளவு தரும் இசை யாது?

இப்பொழுது முதன்மையான வினாவுக்கு வருவோம். இவ்வளவின்படி துளையிட்ட குழல், குரல் முதலிய ஏழிசையையும் சிலப்பதிகார உரை கூறும் அலகுப்படி தானே தருமா?

மேற்கண்ட கணக்கின்படி முதல்வாயினின்று துளைகளின் நடுவிடங்கள் 7.125, 8.375, 9.625, 10.875, 12.125, 13.375, 14.625, 15.875 விரல்களில் அமையும். ஒவ்வொன்றும் ஒன்றேகால் விரல் இடையிட்டது. ஒலிக்கும் காற்றுத்தூண் இவ்வளவினும் சற்று நீண்டது. வாயிலும் துளையிலும் காற்று வெளியே சிறிது துள்ளுமாகலின் ஒரு திருத்தத்தைக் கூட்டல் வேண்டும். அத்திருத்தம் எல்லாத் துளைக்கும் ஒத்ததெனவும் 1.625 விரலெனவும் கொண்டால், நீளங்கள் 14, 13, 12, 11, 10, 9, 8, 7 என்னும் விகிதத்தில் நிற்கும். ஏழும் மூடிய ஒலிக்கும் ஏழும் திறந்த ஒலிக்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயி அமையும். கேத்லீன் ஷ்லெசிங்கர் என்னும் அம்மையார் 1939இல் வெளியிட்ட நூலில், கிரேக்கரின் ஆலோஸ் கருவியும் சமதூரத் துளையுடையதென்றும், அதன் பண்கள் இத்தகைய விகிதங்களிற் பிறந்தன என்றும் வாதித்தார். அக்கொள்கையைப் பின்வந்தோர் பலர் ஏற்றிலர். நாமும் இந்நேர்பாட்டில் மயங்குதல் கூடாது. கால்விரற் துளை மிகச் சிறிது; துளை சிறுகச் சிறுகத் திருத்தம் மிகும்; மிகுந்தால் குழலின் வீச்சு ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும்.

திருத்தம் எவ்வளவாயினும் ஓர் உண்மை மாறாது. சமதூரத்தில் ஒத்த துளைகளை இட்டால், மேலே செல்லச் செல்ல இசையிடைவெளி பெருகிக்கொண்டே போகும். மேற்காட்டிய கணக்கில் முதல் இடைவெளி 128 சென்ட்; கடைசி இடைவெளி 231 சென்ட். ஏழிசையின் அலகுகளோ குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என 22 ஆக வருவன. அவை ஒரே சீராகப் பெருகுவன அல்ல. குறைந்தும் மிகுந்தும் வருவன. ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் (1917) கொண்ட 24 அலகுக் கொள்கையை ஏற்பினும், விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் (1947) கொண்ட 22 அலகுக் கொள்கையை ஏற்பினும் இம்முடிபு மாறுவதன்று.

ஆகவே, உரையிற் கண்ட குழலளவைக் கொண்டே பழந்தமிழிசையின் அலகுகளை நிறுவிவிடலாம் என்பார் கூற்று நில்லாது. அளவு இசைக்குப் பொருந்தாமையின் உரையாசிரியர் குழலறியாது எழுதினார் என்பாரும் தவறுடையரே. குழல் எவ்வாறு சுருதி கூட்டப்படுகின்றது என்பதை நோக்கின் இரண்டும் வீழும்.

5. சுருதி கூட்டுதல்

குழல் செய்வோர் முதலிற் சிறு துளையிட்டு, ஊதிப் பார்த்து, சுருதிக்கு ஒத்துவருமளவும் அகலப்படுத்துவர். அகலம் மிக ஒலி உயரும். முதல்வாய்ப் பக்கமாக அராவினால் துளையின் நடுவும் அப்பக்கம் பெயர்தலின் ஒலி இன்னும் மிகுதியாக உயரும். மறுபக்கம் அராவினால் அத்துணை உயராது. மிகை நேர்ந்தவிடத்து மெழுகிட்டுக் குறைப்பர். எனவே முதலில் இடும் துளை வேண்டிய அளவினும் சிறிதாயிருத்தலே பாதுகாப்பு. நாம் உய்த்துணர்ந்த கால்விரல் அளவு இத்தொடக்கத் துளைக்கே மிகப் பொருந்தும். விரல்கள் இயல்பாக அமரும் சம இடைவெளியை நூல் விதித்தது. துளையின் இறுதி அகலத்தைக் கைவினைஞன் செவிக்கு விட்டது.

சுருதி கூட்டுதல் அவனோடும் முடிவதில்லை. ஊதுவோன் இதழைத் திருப்பியும், துளையைப் பாதி மூடியும், கீழ்த்துளைகளுள் சிலவற்றை அடைத்தும் இசையை நுணுக்குகின்றான். வலித்து ஊதி மேல் ஸ்தாயியைப் பெறுகின்றான். அணைசின் உள்முகம் முதல்வாய்க்கு எத்துணை அணித்தாய் நிற்கின்றது என்பதும் இரு ஸ்தாயிகளின் ஒற்றுமையைப் பாதிக்கும். ஐரோப்பியக் குழலில் இவ்வடைப்பை நகர்த்திச் சரிசெய்வர். செருமானியராகிய தியோபால்டு போம் 1847இல் அமைத்த குழல், துளையின் இடத்தைக் கணக்கால் முடிவுசெய்து, விரல் எட்டாத இடத்துக்குப் பொறிமூடிகளை வைத்தது. அங்கே துளைக்கு ஏற்பக் கருவி மாறியது. நம் நாட்டில் விரலுக்கு ஏற்பத் துளை நின்று, வாசிப்போன் திறமை இடைவெளியை நிரப்பியது.

இற்றைக் கருநாடக இசைக் குழலும் எட்டுத் துளையுடையதாய், கடைத்துளை பொதுவாக மூடப்படாது ஏழு விரலால் ஆளப்படுவதாய் உள்ளது. முத்திரை என்னும் பெயர் வழக்கொழிந்தும் அதன் தொழில் ஒழிந்திலது. ஆயின் கருங்காலி நீங்கி மூங்கிலே மீண்டும் இடம்பெற்றுவிட்டது. உரையாசிரியர் தலையாயது என்று ஏட்டிற் கண்டதே இன்று வழக்காயிற்று. அவர் வழக்கென்று கண்டது ஏட்டில் மட்டும் நின்றுவிட்டது.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், இடைப்பரப்பு என்பது விளிம்பிடை மரப்பரப்பே என்பதும், அதனால் துளையளவு கால்விரல் எனப் பெறப்படும் என்பதும், அவ்வளவு துளையிடுதற்குரிய விதியேயன்றி இசையலகை அளக்கும் கோல் அன்று என்பதும், மரம் கொள்ளப்பட்டது நிலைபேறு கருதியே என்பதும் பெறப்பட்டன. இம்முடிபை உறுதி செய்யவும் மறுக்கவும் வல்ல சான்று ஒன்றுளது. ஓர் யாண்டு நிழலில் ஆறிய கருங்காலியை இவ்வளவின்படி கடைந்து, கால்விரற் துளையிட்டு, ஒவ்வொரு துளையையும் அகலப்படுத்துந்தோறும் ஒலியை அளந்து குறித்தல் வேண்டும். மரங்கடைவோரும் இசை வல்லாரும் தமிழ் மாணவரும் ஒருங்கு கூடக்கூடிய செட்டிநாடு போன்ற இடத்தில் அது அரிய செயல் அன்று. உரையைப் படித்தலோடு அமையாது செய்து பார்த்தலும் உரையாராய்ச்சியின் ஒரு பகுதியே என்க.