எழுதி வைத்த சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

நுரையீரல் புற்றுநோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள் பெரிய குழப்பம் இல்லை. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. கட்டி இருக்கும் மடலை அறுத்தெடுப்பதுதான் பல ஆண்டு வழக்கம். உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்றால், கட்டியின் மேல் மட்டும் கதிர்களைக் குவித்துச் சில தவணைகளில் தரும் கதிர்வீச்சு சிகிச்சை இருக்கிறது. இவற்றையெல்லாம் நிபுணர்கள் கூடி நெறிமுறைகளாக எழுதி, அவ்வப்போது திருத்தியும் வருகிறார்கள்.

எழுதியது நோயாளிக்குப் போய்ச் சேருகிறதா? அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை இந்நோய் கண்டறியப்பட்ட சுமார் 4.4 லட்சம் பேரின் பதிவுகளை அலசினார்கள். எல்லாக் கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், நெறிமுறைப்படி சிகிச்சை பெற்றவர்கள் 62 சதவீதம்தான். ஐந்தில் ஒருவருக்கு மேல் எந்தச் சிகிச்சையுமே நடக்கவில்லை.

சிலர் மிகவும் தளர்ந்திருப்பார்கள், சிலர் வேண்டாம் என்றிருப்பார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1999-ல் பீட்டர் பாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 11,000 பேர். எல்லோருக்கும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு, எல்லோருக்கும் அறுத்தெடுக்கக்கூடிய கட்டி. வெள்ளையரில் 77 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் நடந்தது, கறுப்பினத்தவரில் 64 சதவீதம் பேருக்குத்தான். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 34, 26 சதவீதம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களை மட்டும் ஒப்பிட்டபோது இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. அந்த இடைவெளியில் பெரும்பங்கு, கிடைக்காமல் போன ஆபரேஷனுக்குத்தான்.

எங்கே நழுவுகிறது? ஸ்கேன், திசுப் பரிசோதனை, மூச்சுத் திறன் சோதனை, சர்ஜனைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு தனி நாள், பல சமயம் தனி இடம். ஒரு நாள் தவறினால், ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. பயமும் உண்டு. 2003-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர், ஆபரேஷனில் காற்றுப் பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று நம்பினார்கள். ‘கத்தி பட்டா பரவிடும்’ என்று நம் ஊரிலும் சொல்வதுதானே!

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் சைகர்ட் ‘அக்யூர்’ என்ற ஆய்வில் இந்த நழுவலையே குறிவைத்தார். ஐந்து புற்றுநோய் மையங்கள். நோயாளி வர வேண்டிய நாளில் வராவிட்டாலோ, நடக்க வேண்டிய கட்டம் தள்ளிப்போனாலோ கம்ப்யூட்டர் எச்சரிக்கும். இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் நோயாளியிடம் பேசி, தடை வண்டி வசதியா, பயமா, குழப்பமா என்று அறிந்து அதைத் தீர்த்துவைப்பார். எந்த இனத்தவருக்கு எவ்வளவு சிகிச்சை முடிந்திருக்கிறது என்ற கணக்கு டாக்டர்களின் பார்வைக்கும் போகும்.

2019-ல் முடிவு வெளியானது. ஆரம்பக் கட்ட நோயாளிகளில் சிகிச்சை பெற்றவர்கள் முன்பு கறுப்பினத்தவரில் 69 சதவீதம், வெள்ளையரில் 78. ஆய்வின்போது முறையே 96.5, 95. இந்த எண்களைப் படித்தபோது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. அத்தனை ஆண்டுகளாக வெள்ளையரிலும் எத்தனையோ பேர் சத்தமில்லாமல் விடுபட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.